பதினான்காவது வீடு

இன்பராஜ் இருபத்தாறு வருடம் கேஜிஎஃப் தங்கச் சுரங்கத்தில், மைசூர் மைன்ஸ் டைம் ஆபீசில் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து டோக்கன் கொடுத்தவர். ஷிப்டுக்குக் கீழே இறங்குகிறவன் ஜன்னலில் நம்பரைச் சொன்னால் பித்தளை வில்லையை எடுத்து நீட்டுவார். மேலே ஏறி வந்ததும் திருப்பி வாங்கி ஆணியில் மாட்டுவார். டோக்கன் இல்லாதவனுக்கு வேலையும் இல்லை, கூலியும் இல்லை. மைன்ஸை இழுத்து மூடி இருபத்து நான்கு வருடமாகிறது. மனிதர் மட்டும் இன்னும் அந்த ஜன்னலை விட்டு எழுந்திருக்கவில்லை. யார் தப்பு செய்தாலும் டோக்கனை நிறுத்தினால் வழிக்கு வந்துவிடுவான் என்று நம்புகிற ஆள். பெற்ற பிள்ளையிடமும் அதைத்தான் செய்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

போன ஆகஸ்டில் கோலார் ஆஸ்பத்திரியில் கண் டாக்டர் அவர் மனைவி இசபெல்லாவை மூன்றாம் முறையாகப் பரிசோதித்தார். வலது கண் போனது போனதுதான் என்றார். இடது கண்ணிலும் அழுத்தம் குறையவில்லை, பார்வை ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வருகிறது, சொட்டு மருந்து விட்டால் கொஞ்சம் தள்ளிப்போடலாம், எத்தனை மாதம் என்று தன்னால் சொல்ல முடியாது என்றார். இசபெல்லா நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு பங்காருப்பேட்டை வரைக்கும் இடது கண்ணால் வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள்.

“இன்னாங்க,” என்றாள் அப்புறம். “கண்ணு போறதுக்குள்ள நோயல் எழுதினதை நானே ஒரு தரம் படிக்கணும்.”

“அதெல்லாம் எப்பவோ போயிடுச்சே, இசபெல்.”

“எங்க போவும்? கம்ப்யூட்டர்ல எழுதினது எங்கயாச்சும் கீதுன்னு ஜெனி சொல்றா. தேடுங்க. எனக்கு வேற இன்னா வேணும், சொல்லுங்க.”

“ஜெனி கையில கிடைச்சா படிச்சுக் காட்டுவா.”

“எத்தினி வருசம் அவ வாயாலயே கேட்டேன். கண்ணாடி மாத்தணும் மாத்தணும்னு சோம்பேறித்தனமா இருந்துட்டேன். இப்போ நானே படிக்கணும்.”

இன்பராஜுக்கு பஸ் நிற்கிற ஒவ்வொரு இடத்திலும் இறங்கி எங்காவது ஓடிவிடலாமா என்றிருந்தது.

நோயல் அவர்களுடைய மகன். பதினெட்டு வருடத்துக்கு முன்னால், இருபத்து மூன்று வயதில், பெங்களூரில் கிடைத்த வேலையை மூன்றே மாதத்தில் விட்டுவிட்டு வந்து நின்றான். இன்பராஜ் அவனைச் சர்ச் வாசலில் வைத்து, ஆராதனை முடிந்து ஊரே வெளியே வருகிற நேரமாகப் பார்த்து, கன்னத்தில் அறைந்தார். மறுநாள் காலையில் அவன் வீட்டில் இல்லை. போன் கிடையாது, கடிதம் கிடையாது. ஒரு வருடம் கழித்து அவன் உயிரோடு இருக்கிறான் என்று தெரிந்ததே ‘லைன் வீடுகள்’ மூலமாகத்தான்.

லைன் வீடுகள் என்றால் ஊரிகத்தில் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கிற தொழிலாளர் வீடுகள் அல்ல. அந்தப் பெயரில் ஃப்ரெடி ஆரம்பித்த ஒரு காரியம். ஃப்ரெடி அப்போது ராபர்ட்சன்பேட்டையில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தான், ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச் பாடகர் குழுவில் பாடுவான். மைன்ஸ் மூடியதும் ஊர் நாலா திசையிலும் சிதறிப் போயிற்று. அப்படிப் போனவர்களும் இங்கேயே தங்கினவர்களுமாக முப்பத்தொரு பேருக்கு அவன் ஆளுக்கொரு வலைப்பக்கம் செய்து கொடுத்தான். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் இரண்டு இணைப்புகள் இருக்கும். ஒன்று முந்தின வீடு, இன்னொன்று அடுத்த வீடு. ஃப்ரெடியுடையது முதல் வீடு. அங்கிருந்து அடுத்த வீட்டை அமுக்கிக்கொண்டே போனால் முப்பத்தொரு வீட்டையும் எட்டிப் பார்த்துவிட்டு ஃப்ரெடி வீட்டுக்கே திரும்ப வந்துவிடலாம். ஒருவர் கிறிஸ்துமஸ் கேக் பற்றி எழுதுவார், ஒருவர் பேரன் படத்தைப் போடுவார், யாராவது செத்தால் எல்லாப் பக்கத்திலும் இரங்கல் வரும்.

கூகுளில் எந்த வீடும் அகப்படாது. அது ஃப்ரெடி போட்ட விதி. ரோட்டில் போகிறவனெல்லாம் எட்டிப் பார்க்கக் கூடாது, பக்கத்து வீட்டுக்காரன் கை காட்டினால்தான் வர வேண்டும் என்று சொல்லி எல்லாப் பக்கத்திலும் தேடலுக்குத் தாழ்ப்பாள் போட்டு வைத்தான். யாருக்கும் யாருடைய முகவரியும் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. நோயல் எங்கிருந்தோ ஃப்ரெடிக்கு மெயில் போட்டு, தனக்கும் ஒரு வீடு வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டான். பதினான்காவது வீடு. லூயிசா என்கிற நர்ஸம்மா வீட்டுக்கு அடுத்தது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால் இசபெல்லா மகள் ஜெனிட்டாவைக் கூட்டிக்கொண்டு ஃப்ரெடி சென்டருக்குப் போவாள். ஜெனிட்டா மவுஸை அமுக்குவாள், இசபெல்லா விரலை மடக்கி எண்ணுவாள். பதின்மூன்று தரம் அமுக்கினால் மகன் வந்துவிடுவான். எந்த ஊரில் இருக்கிறான் என்று மட்டும் எழுத மாட்டான். மற்றபடி காய்ச்சல் வந்தது, செருப்பு அறுந்தது, ரூமுக்குக் கீழே டீக்கடைக்காரன் சண்டை போட்டது என்று எல்லாவற்றையும் எழுதுவான். இசபெல்லாவுக்கு அது போதும். வாரம் முழுக்க அந்த டீக்கடைக்காரனைத் திட்டிக்கொண்டிருப்பாள்.

இரண்டாயிரத்துப் பதினான்கில், ஈஸ்டருக்கு முந்தின தபசு நாட்களில், நோயல் சர்ச் வாசல் அறையைப் பற்றி எழுதிவிட்டான். அடி வலிக்கவில்லை, ஒருத்தர்கூடத் தடுக்கவில்லையே என்பதுதான் இன்னும் வலிக்கிறது என்று எழுதினான். முப்பது வீட்டுக்காரர்களும் படித்தார்கள். அடுத்த ஞாயிறு சர்ச்சில் இன்பராஜ் உட்கார்ந்த பெஞ்சில் வேறு யாரும் வந்து உட்காரவில்லை, அல்லது அவருக்கு அப்படித் தோன்றியது. வீட்டுக்கு வந்ததும் ஒரு வெள்ளைத்தாளை எடுத்தார். நோயலின் பக்கத்தை லைனிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று ஆபீஸ் நடையில் மூன்று வரி எழுதி, கையெழுத்துப் போட்டு, ஃப்ரெடி கையில் கொடுத்தார்.

மானம் போன கோபம் பாதி. மீதிப் பாதிதான் வேடிக்கை. டைம் ஆபீசில் சொல்லாமல் கொள்ளாமல் நாலு நாள் லீவு போட்டவனை யாரும் தேடிப் போக மாட்டார்கள். டோக்கனை நிறுத்திவிடுவார்கள். ஐந்தாம் நாள் அவனே ஜன்னலுக்கு வந்து, ஏன் சார் நிறுத்தினீங்க என்று நிற்பான். இருபத்தாறு வருடத்தில் வராமல் போனவன் ஒருவனும் இல்லை. நோயலும் அப்படித்தான், லைனிலிருந்து எடுத்தால் நேரே வீட்டு வாசலில் வந்து நின்று கத்துவான், கத்தட்டும், வந்தால் சரி என்று இன்பராஜ் கணித்தார். அதைப் பெண்டாட்டியிடம் சொல்லவில்லை. வந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

சுவரோடு சுவர் ஒட்டிய லைனில் நடுவிலிருந்து ஒரு வீட்டை மட்டும் உருவ முடியாது. இதில் உருவலாம். லூயிசாவின் ‘அடுத்த வீடு’ பதினைந்தாவது வீட்டுக்குத் திரும்பியது, அவ்வளவுதான். அந்த ஞாயிறு பதின்மூன்றாம் தரம் அமுக்கியதும் பேத்தமங்களா தசரதனின் பக்கம் வந்து நின்றது. ஏரியில் எத்தனை அடி தண்ணீர் என்று வாராவாரம் எழுதுகிற பக்கம். இசபெல்லா விரலை விரித்து மறுபடி எண்ணினாள். மறுபடியும் ஏரிதான் வந்தது. ஃப்ரெடியிடம் கேட்க வெட்கமாகப் போய், வீட்டுக்கு வந்து அழுதாள்.

“அவனே எடுத்துக்கிட்டிருப்பான்,” என்றார் இன்பராஜ்.

அந்த ஒரு பொய்யைச் சொல்லாமல் இருந்திருந்தால் இந்தக் கதைக்கே வேலையில்லை. ஆனால் சொன்னார். ஒரு மாதம் வாசலைப் பார்த்தார், ஒரு வருடம் பார்த்தார். ஜன்னலுக்கு யாரும் வரவில்லை. ஃப்ரெடியிடம் போய்த் திரும்பச் சேர்த்துவிடு என்று கேட்டால் தோற்றுப் போனதாகிவிடுமே என்று கேட்கவில்லை. அப்படியே பதினொரு வருடம் ஓடிவிட்டது.

பஸ்ஸில் இசபெல்லா கேட்டதற்கு அடுத்த ஞாயிறு, சர்ச் முடிந்ததும் ஜெனிட்டா வந்தாள். இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறாள். தினமும் விடியற்கால ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இருட்டின பிறகு திரும்புகிறவளுக்கு ஞாயிறு ஒன்றுதான் கிடைக்கும். ஃப்ரெடியின் பக்கம் மட்டும் முகவரியோடு அவள் போனில் இருந்தது. திறந்தாள். அடுத்த வீடு, பாப்பம்மா டீச்சர், சாமந்திப் பூ படம், எட்டு வருடமாக எதுவும் எழுதவில்லை. அடுத்த வீடும் திறந்தது. நான்காவது வீட்டை அமுக்கியதும் ஒரு பெண் சிரித்துக்கொண்டு சீட்டாட்டத்துக்குக் கூப்பிட்டாள்.

“இந்த அட்ரஸை வேற எவனோ எடுத்துக்கினான், மம்மி. இதுக்கு மேல போவாது.”

“பின்னால போய்ப் பாரு.”

ஃப்ரெடி வீட்டிலிருந்து பின்பக்கமாகப் போனாள். முப்பத்தொன்று, முப்பது, இருபத்தொன்பது, இருபத்தெட்டு. இருபத்தேழாவது வீட்டில் அப்படி ஒரு பக்கமே இல்லை என்று வந்தது. கூகுளில் நோயல் என்று போட்டாள், கேஜிஎஃப் என்று சேர்த்துப் போட்டாள், டீக்கடை, செருப்பு, சர்ச் என்று அவன் எழுதின வார்த்தைகளையெல்லாம் போட்டாள். உலகத்திலுள்ள நோயல்கள் எல்லாரும் வந்தார்கள், இவன் வரவில்லை. நோயலின் பழைய மெயில் முகவரி ஒன்று இருந்தது. அதற்கு எழுதினால் இரண்டே நிமிடத்தில் திரும்பி வந்துவிட்டது. பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த இசபெல்லா, “வந்துச்சா?” “வந்துச்சா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். ஜெனிட்டாவுக்கே கண் கலங்கிவிட்டது.

திங்கட்கிழமை இன்பராஜ் தனியாக ஃப்ரெடியைத் தேடிப் போனார். ஃப்ரெடி சென்டரை மூடிவிட்டு ஊரிகம் ஸ்டேஷனுக்குப் பின்னால் மகள் வீட்டில் இருக்கிறான். அறுபத்து மூன்று வயதாகிறது.

“அண்ணே, நீங்க எடுக்கச் சொன்னீங்க, எடுத்தேன். இப்போ நீங்களே வந்து தேடச் சொல்றீங்க. நான் இன்னா பண்ணுவேன்?”

“முப்பத்தொரு பேர் லிஸ்ட் வச்சிருந்தியேப்பா.”

“பழைய கம்ப்யூட்டர்ல இருந்துச்சு. சென்டர்ல மழைத்தண்ணி பூந்தப்ப செத்துப் போச்சு. எனக்கு ஒருத்தர் அட்ரஸும் தெரியாதுண்ணே. நானும் உங்கள மாதிரி அடுத்த வீடு, அடுத்த வீடுன்னு அமுக்கிக்கினு போறவன்தான்.”

“லூயிசாம்மாவைக் கேட்டா?”

“கொரோனால போய்ச் சேர்ந்தாங்களே. பக்கமும் போச்சு. அந்தப்பக்கத்து வீடு தசரதன். அவரு பேத்தமங்களாவுலதான் கீறாரு. ஆனா அவருக்கும் நான் அப்பவே எழுதிட்டேன், முந்தின வீட்டை லூயிசாவுக்கு மாத்திக்கங்கன்னு. அவங்கவங்க பக்கத்தை அவங்கவங்கதானே மாத்தணும். அவரும் மாத்தியிருப்பாரு.”

இன்பராஜ் எழுந்தார். வாசல் வரைக்கும் போய்விட்டுத் திரும்பினார்.

“நோயலுக்கு நீ ஏதாச்சும் சொன்னியா, அப்போ?”

“சொல்லாம எடுக்கலாமா? உங்க லெட்டரை ஃபோட்டோ புடிச்சு அப்படியே அனுப்பினேன். ‘சரிண்ணே’ன்னு ஒரு வார்த்தை போட்டான். அவ்ளோதான். அப்புறம் அந்த மெயிலும் வேலை செய்யல.”

அந்தச் ‘சரிண்ணே’ இன்பராஜை வீடு வரைக்கும் விடவில்லை. கடிதத்தில் அப்படி ஒன்றும் தப்பாக எழுதவில்லையே என்று வழியெல்லாம் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு வந்தார். மூன்றே வரி. ஒரு கெட்ட வார்த்தை கிடையாது. வீட்டில் இசபெல்லா ஜன்னல் வெளிச்சத்தில் பைபிளைக் கண்ணுக்கு முன்னால் பிடித்து, எழுத்துக் கூட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மகன் எழுத்து கிடைத்தால் சரியாக வாசிக்க வேண்டுமே என்று பழகிக்கொள்கிறாளாம். அப்போதே அவள் காலடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லியிருக்கலாம். வாய்வரைக்கும் வந்தது. “தசரதன்னு ஒருத்தர் கீறாரு, ஞாயித்துக்கிழமை போய்ப் பார்க்கலாம்” என்று மட்டும் சொன்னார்.

அவர் போட்ட திட்டம், தானும் ஜெனிட்டாவும் போவது, என்ன இருக்கிறதோ தான் முதலில் பார்த்துக்கொள்வது. இசபெல்லா கேட்கவில்லை. ஞாயிறு சர்ச்சுக்குக் கட்டின புடவையோடு ஆட்டோவில் ஏறி நடுவில் உட்கார்ந்துகொண்டாள்.

“கண்ணு தெரியாத ஆளு ஏரிக்கரையில இன்னாத்துக்கு?” என்றார் இன்பராஜ்.

“இன்னும் போவல. போறதுக்குள்ளதான் வர்றேன்,” என்றாள்.

தசரதன் பேத்தமங்களா ஏரிக்குக் கீழே தக்காளி போட்டிருந்தார். தண்ணீர் இலாகாவில் வேலை பார்த்து ரிட்டயரானவர். இன்பராஜைப் பார்த்ததும் கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டுச் சிரித்தார்.

“டைம் ஆபீஸ் சாரா? தண்ணி இலாகாவுக்கு வர்றதுக்கு முன்னாடி ரெண்டு வருசம் நானும் கீழே இறங்கினவன்தான் சார். ஒருக்கா என் டோக்கனை நிறுத்திட்டீங்க. ஓடி வந்து உங்க ஜன்னல்ல நின்னேன், ஞாபகம் கீதா?”

இன்பராஜ் தலையை ஆட்டினார். ஞாபகம் இல்லை. ஆனால் அந்தப் பேச்சு அவருக்கு எங்கோ சுட்டது.

“உங்க லைன் வீட்டுப் பக்கம் வேணும், அங்கிள்,” என்றாள் ஜெனிட்டா. “அட்ரஸ் தெரியுமா?”

“அய்யோ, அது எந்தக் காலம்மா! பாஸ்வேர்டையே மறந்துட்டேன். இருக்குதோ இல்லையோ. ஸ்வல்ப நேரம் இரும்மா, பம்ப் செட்டு சுவத்துல எழுதி வச்சிருந்தேன். ஏரித் தண்ணி எவ்வளோன்னு கேட்டு எல்லாரும் வீட்டுக்கு வருவாங்க, சுவத்தைப் பாரு, கம்ப்யூட்டரைப் பாருன்னு அனுப்பிடுவேன்.”

பம்ப் செட்டுச் சுவரில் நீலப் பெயின்ட்டில் எழுதினது இருந்தது. ஆனால் ஒரு எழுத்துக்கு மேலே கரண்டுக்காரன் புது ஸ்விட்ச் பெட்டியை அறைந்துவிட்டுப் போயிருந்தான். அந்த இடத்தில் என்ன எழுத்து என்று எழுதினவருக்கே தெரியவில்லை. ஜெனிட்டா ஒவ்வொரு எழுத்தாகப் போட்டுப் பார்த்தாள். சிக்னல் வேறு வருவதும் போவதுமாக இருந்தது. ஒன்பதாவது எழுத்தில், பச்சைப் பின்னணியில் ஏரிப் படம் மேலிருந்து கீழாக மெதுவாக இறங்கியது. பத்து வருடத்துக்கு முந்தின நீர்மட்டம். ஜெனிட்டா கீழே தள்ளினாள். முந்தின வீடு.

“லூயிசா ஆன்ட்டி வீடுதானே இது? அதுலேர்ந்துதானே அப்போ இங்க வந்தோம்,” என்றாள்.

“லூயிசாவுக்கு மாத்தச் சொல்லி ஃப்ரெடி எழுதினாரு,” என்றார் தசரதன் தலையைச் சொறிந்துகொண்டு. “எவன் செய்யறது, விட்டுட்டேன். தப்பா நினைச்சுக்காதீங்க.”

பதினொரு வருடமாக அந்த வழி திறந்தே கிடந்திருக்கிறது. ஏரி வந்ததும் அழுதுகொண்டு எழுந்து வந்தவர்களில் யாருக்கும் அங்கிருந்து ஒரு அடி பின்னால் வைத்துப் பார்க்கத் தோன்றவில்லை. ஜெனிட்டா அமுக்கினாள். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அது திறந்துவிட வேண்டும் என்றும் திறக்கவே கூடாது என்றும் ஒரே மூச்சில் வேண்டிக்கொண்டு இன்பராஜ் நின்றார்.

திறந்தது. பதினான்காவது வீடு. மேலே நோயல் என்று இருந்தது.

“மம்மி, வந்துட்டான்,” என்றாள் ஜெனிட்டா.

“இப்படிக் கொடு, நான் படிச்சுச் சொல்றேன்,” என்று இன்பராஜ் சட்டென்று கையை நீட்டினார்.

“இங்க கொடு,” என்றாள் இசபெல்லா.

பம்ப் செட்டு நிழலில் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து, போனை இடது கண்ணுக்கு மூன்று விரல் தூரத்தில் பிடித்துக்கொண்டாள். தெரிகிற இடம் கொஞ்சம்தான் என்பதால், கண்ணை ஆட்டாமல் போனை மெல்ல நகர்த்தி, ஒவ்வொரு வார்த்தையாக வாய்விட்டுப் படித்தாள். முதல் வகுப்புப் பிள்ளை மாதிரிப் படித்தாள்.

“லைன் வீட்டுக்காரங்க எல்லாருக்கும் ஸ்தோத்திரம். என்னை லைன்லேர்ந்து எடுக்கச் சொல்லி எங்க வீட்டுலேர்ந்து லெட்டர் வந்திருக்கு. ஃப்ரெடி அண்ணன் அனுப்பினாரு. கீழே போட்டிருக்கேன்.”

நிறுத்தினாள். “எங்க வீட்டுலேர்ந்தா?” என்றாள். மறுபடி போனைக் கண்ணருகே கொண்டு போனாள்.

“டாடி மட்டும் எழுதியிருந்தா அடுத்த ரயில்லயே வந்து வாசல்ல நின்னு சண்டை போட்டிருப்பேன். அந்தக் கோபத்துல பெட்டி கூடக் கட்டிட்டேன். அப்புறம்தான் லெட்டர்ல கடைசி வரியைப் பார்த்தேன். மம்மியும் ஜெனியும் சேர்ந்துதான் சொல்லியிருக்காங்க. மம்மியே வேணாம்னா நான் யாரைப் பார்க்க வர்றது? இனிமே இதுல எழுத மாட்டேன். எல்லாரும் நல்லா இருங்க.”

ஜெனிட்டா போனை வாங்கிக் கீழே தள்ளினாள். வெள்ளைத்தாளின் படம் வந்தது. இன்பராஜின் உருண்டை உருண்டையான எழுத்து, ஆபீஸ் ரிஜிஸ்டரில் எழுதினது போலக் கொஞ்சமும் கோணாமல். அவள் கடைசி வரியைப் பெரிதாக்கித் தாயின் கண்ணுக்கு நேரே பிடித்தாள். இசபெல்லா அதையும் வாய்விட்டுப் படித்தாள்.

“இப்படிக்கு, இன்பராஜ் மற்றும் குடும்பத்தார்.”

இன்பராஜ் குனிந்து தன் கையெழுத்தையே பார்த்தார்.

“எல்லாத்துக்கும் அப்படித்தானே போடுவேன், இசபெல்,” என்றார். “சர்ச்சுல ஸ்தோத்திரக் காணிக்கைக்குப் போடுவேன், குழாயில தண்ணி வரலன்னு மனு எழுதினா போடுவேன், கல்யாணத்துக்கு வாழ்த்து எழுதினா போடுவேன். வீட்டுத் தலைவன் அப்படித்தானே போடணும். பழக்கத்துல கை எழுதிடுச்சு. உன்னை நினைச்சு எழுதலை.”

“என்னை நினைக்கல,” என்றாள் இசபெல்லா.

“அவன் வருவான்னுதான் பண்ணேன். கோபம் வந்து ஓடி வருவான்னு நினைச்சேன். சத்தியமா வருவான்னுதான்.”

“அவனே எடுத்துக்கினான்னு சொன்னீங்களே. அன்னிக்கு நான் அழுதப்போ, பக்கத்துல உக்காந்துக்கினு சொன்னீங்களே.”

ஜெனிட்டா அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் போனையே நோண்டிக்கொண்டிருந்தாள். எங்காவது பதில் எழுத இடம் இருக்கிறதா என்று மேலும் கீழும் தேடினாள். பக்கத்தின் அடியில் முந்தின வீடும் இல்லை, அடுத்த வீடும் இல்லை. போகும்போது அவனே இரண்டையும் எடுத்துவிட்டுப் போயிருந்தான். கருத்து எழுதுகிற இடத்தில், இங்கே இனிமேல் எழுத முடியாது என்று இருந்தது. தசரதன் என்ன செய்வதென்று தெரியாமல், தக்காளி பறித்துத் தரட்டுமா என்று கேட்டார். பாவம், அவர் வேறு என்னத்தைக் கேட்பார்.

“ஜெனி,” என்றாள் இசபெல்லா. “இதுல நான் ஒரே ஒரு வரி எழுத முடியாதா? நான் போடலடா, எனக்குத் தெரியாதுடான்னு. வேற ஒண்ணும் வேணாம்.”

“முடியாது மம்மி. மூடிட்டான்.”

“அவனுக்கு அது எப்படித் தெரியும் அப்போ?”

“தெரியாது, மம்மி.”

இசபெல்லா போனைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். கடைசி வரியை விட்டுவிட்டு, மேலே போய் எதையோ தேடினாள். வெயிலில் சரியாகத் தெரியவில்லை. முந்தானையை இழுத்துத் தலைக்கும் போனுக்கும் சேர்த்து மறைத்துக்கொண்டு, அதற்குள்ளே கண்ணை வைத்தாள். இன்பராஜ் அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தார். அவள் திட்டினால் போதும், ஊரைக் கூட்டித் திட்டினாலும் போதும் என்றிருந்தது அவருக்கு. அவள் திட்டவில்லை. தேடினது கிடைத்ததும் விரலை அதன்மேல் வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

“இன்னாங்க, பெட்டி கட்டியிருக்கான்,” என்றாள். “எம்புள்ள பெட்டி கட்டியிருக்கான்.”